ஏக்கம் என்ற சொல்லோடு அக்காள்மடம் போனேன்

காலாண்டு விடுமுறையில், ஒரு வெள்ளிக்கிழமை, அக்காள்மடம் போய் வந்தேன். வேலையாகத்தான். வீடியோ கேம் பழக்கம் எந்தப் பிள்ளைக்குக் கைமீறிப் போயிருக்கிறது என்று பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு அளக்கிறார்கள். அவற்றைத் தமிழாக்கியவள் நான். நம் பிள்ளைகளுக்குச் சரியாகப் புரிகிறதா என்று நேரில் படித்துக் காட்டிப் பார்க்க வேண்டும்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஏழு மணிக்கு ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். ஏறத்தாழ நூற்று அறுபது கிலோமீட்டர், நாலு மணி நேரம். பாம்பன் பாலத்துக்காகவாவது ஜன்னலோரம் பிடித்துவிடுங்கள். பாம்பன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அக்காள்மடம். இறங்கி நடந்தே போகலாம், குடை வேண்டும்.

நான் போனது செல்வராணி வீட்டுக்கு. கணவர் கத்தாரில் டிரைவர், மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. மகள் பவித்ரா பத்தாம் வகுப்பு. செல்வராணி வாசலிலேயே சொல்லிவிட்டார்: "எந்நேரமும் போனுதான். இது நோய்னு நீங்க சொல்லிட்டா வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிருவேன்." நான் டாக்டர் இல்லை என்றேன். அது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அவர் அடுப்படிக்குப் போனதும் கேள்விகளைப் படித்தேன். பவித்ரா பட்பட்டென்று பதில் சொன்னாள். "விளையாடாத நேரத்தில் ஏக்கமாக இருக்குமா?" என்றபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருக்கும்."

"எப்பப்ப?"

"எப்பவுமே."

அளவுகோலின்படி இது கவலைப்பட வேண்டிய பதில். எதை நினைத்து ஏக்கம் என்று கேட்டேன்.

"அய்யாவ நினைச்சு." அப்பாவை அங்கே அய்யா என்பார்கள். "அவுககூடத்தான் விளையாடுறேன். போன்ல பேசுனா, சாப்பிட்டியா, படிச்சியான்னு ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். கேம்ல ஒண்ணாவே சுத்துவோம். அவுக வண்டி ஓட்டுவாக, நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா, தூங்காம விளையாடுறாகன்னு அய்யாவ வையும்."

மூலக் கேள்வி கேட்டது அடக்க முடியாத விளையாட்டு வெறியை. நான் போட்ட சொல் வேறொன்றைக் கேட்டுவிட்டது. பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தேன். மற்ற நாடுகளில் அவரவர் மொழியில் என்ன சொல் போட்டார்களோ, யார் யாரை நினைத்து ஆம் என்றார்களோ.

செல்வராணி டீயோடு வந்தார். "நோய்தானே?"

நான் பவித்ராவைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவள் அவள். சொன்னாள்.

செல்வராணி டம்ளரைக் கீழே வைத்தார். யாரையும் திட்டவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப வருவாகளா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை, கத்தாரில் லீவு. கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சைச் சட்டை போட்ட உருவம் ஒன்று வந்து நின்றது.

"இதுவா அவுக?"

"ஆமா."

"மெலிஞ்சு போயிட்டாக."

"அது பொம்மைம்மா," என்றாள் பவித்ரா. செல்வராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போயிட்டு வாரேன் என்றேன். இருவருக்கும் கேட்கவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: கேள்விகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் நாலு வீட்டில் படித்துக் காட்டுங்கள். யாராவது ஆம் என்றால், எதை நினைத்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மதுரைக்குத் திரும்ப மாலை வரை பஸ் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் போக வேண்டாம். அந்தக் கரையில் பல வீடுகளுக்கு, வெளிநாட்டில் இருக்கும் ஆள் வந்துபோகிற நாள் அது.