நான் கழுவி வைத்த கேன்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில் ஒரு சிஸ்டர் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எல்லாரும் கூப்பிடுவது தராசு சிஸ்டர். டயாலிசிஸுக்குப் படுக்கும் முன் ஒரு தரம், எழுந்த பின் ஒரு தரம், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் எடைமெஷினில் ஏற்றிவிடுவார். செருப்பு கூடாது, போன் கூடாது, சட்டைப்பையில் சாவிகூடக் கூடாது. உடம்பில் தேங்கிய நீர் எவ்வளவு என்று எடைதான் காட்டிக்கொடுக்குமாம். பதினான்கு வருடமாக இதே வேலை. வீட்டில் கணவர் கால் கிலோ கூடினாலும் பார்வையிலேயே சொல்லிவிடுவாராம். அந்த மனிதர் நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ!

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் வீட்டுக்காரர் புண்ணியத்தில். பஸ் ஓட்டுகிறவர். வாந்தியும் பேதியுமாக இரண்டு நாள் கிடந்தவர், டாக்டரிடம் போகாமல் வலி மாத்திரையாக விழுங்கித் தள்ளினார். கிட்னி இரண்டும் முன்னறிவிப்பில்லாமல் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. மூன்று வாரமாகக் கழுத்தில் குழாய், ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். சிறுநீர் என்று பெயருக்குக் கொஞ்சம் வரும். “திடீர்னு நின்ன கிட்னிம்மா, திடீர்னு முழிச்சுக்கும் பாருங்க” என்று சிஸ்டர் மட்டும் தினமும் சொல்வார்.

டாக்டர் கெடு வைத்தார். “நாளைக்குக் காலைவரைக்கும் அளந்து பாப்போம். ஒரு லிட்டர் தாண்டலைன்னா நெஞ்சுல வேற குழாய் போட்டுடலாம், ரொம்ப நாளைக்குத் தாங்கும்.” நெஞ்சில் குழாயோடு யார் பஸ் ஓட்ட விடுவார்கள்? அவருக்கு ஸ்டியரிங்தான் உயிர். எனக்கு அவர். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

கோடு போட்ட கேன் ஒன்றைக் கட்டிலடியில் வைத்து, “ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது” என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரிடம்தான் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கேன் நாறியது. இந்நேரம் அளந்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கொண்டுபோய்க் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கவிழ்த்து வைத்தேன்.

“யாரு இதைக் கழுவினது?” சிஸ்டர் கேட்டார்.

“நான்தான் சிஸ்டர்” என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

“எவ்வளவு இருந்துச்சு?”

“மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்ல கொட்டினேன். யாரு பாத்தா?”

சிஸ்டர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சிஸ்டரோ என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டிரைவர் சார், எந்திரிங்க. ஏறுங்க மெஷின்ல” என்றார்.

நேற்று டயாலிசிஸ் இல்லாத நாள். நேற்று இதே நேரம் பார்த்த எடையைவிட ஒரு கிலோ குறைவு. சாப்பாடும் தண்ணீருமாக ஒன்றரைக் கிலோ உள்ளே போயிருக்கிறது. வியர்வைக்கும் மூச்சுக்கும் ஒரு கிலோ தள்ளிவிட்டாலும் ஒன்றரை லிட்டர் சிறுநீர் போயிருக்க வேண்டும் என்று சிஸ்டர் கணக்குப் போட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “இந்த மெஷினை நம்பியா? காலைல வாத்தியாருக்கு நாலு கிலோ கூடக் காட்டுச்சே. பழுதுன்னு அவரே சொன்னாரே.”

வாத்தியார் அடுத்த கட்டிலில் இருந்தார். கணக்கு வாத்தியார். கிட்னி அடியோடு போய், ஒன்பது வருடமாக வாரம் மூன்று நாள் வருகிறவர். தண்ணீரை மடக்கு மடக்காக எண்ணிக் குடிக்க வேண்டியவர். ஒரு சொட்டுக் கூடுதலாகக் குடிக்கவில்லை என்று அன்று காலைதான் சத்தியம் செய்திருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார், கவிழ்த்து வைத்த கேனைப் பார்த்தார். பிறகு ஊசி குத்தாத கையை மெல்லத் தூக்கினார்.

“டாக்டர், மெஷின் சரியாத்தான் இருக்கு. வீட்டுல விருந்தாளிங்க வந்திருந்தாங்க. சர்பத் நாலு டம்ளர். அப்புறம் சூப்பு. அப்புறம் ஐஸ்கிரீம். அதுக்கப்புறம் தாகம் அடங்கல, செம்பு செம்பா தண்ணி. அந்த நாலு கிலோவும் என்னோடதுதான்.”

“இருதயம் நின்னிருந்தா என்ன சார் பண்ணுவீங்க?” டாக்டர் கத்தினார். வாத்தியார் பெஞ்சின்மேல் ஏற்றிய பையன்போலத் தலையைக் குனிந்துகொண்டார். கத்தி ஓய்ந்ததும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். “குழாய் இன்னைக்கு வேண்டாம். மறுபடியும் அளங்க. இந்த அம்மாவைக் கேன் பக்கமே விடாதீங்க.”

பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் கேனோடு மறைப்புத் துணிக்குப் பின்னால் போனார். பிரிவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டது. நிற்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். வெளியே வந்த மனிதர் வெட்கத்தில் சிவந்திருந்தார்.

“இங்க கொண்டாங்க, நான் பாத்துச் சொல்றேன்” என்றார் வாத்தியார். சிஸ்டர் கேனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

“ஐந்நூத்தி இருபது” என்றார். பிறகு சிரித்தபடியே, “நான் கடைசியா ஒண்ணுக்குப் போய் ஏழு வருஷமாச்சு சிஸ்டர்” என்றார்.

சிஸ்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். “உங்களுக்கு இன்னைக்கு டயாலிசிஸ் ஒரு மணி நேரம் கூட” என்று அதட்டிவிட்டு, அளவை எழுதிக்கொண்டு, கேனை என்னிடம் நீட்டினார். “எழுதியாச்சு. இப்ப தாராளமாக் கழுவலாம்.”

நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றேன். கொட்ட மனசே வரவில்லை.