காத்துக்காரர் வீட்டுக் குளம்

பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்தி வலது கையைத் தூக்குவார். கையில் ஈர டியூப் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடையின் பின்சுவர்ப் பக்கம் காதைக் கொடுப்பார். பிறகு முகம் தெளியும். "ஓடுது" என்பார். விட்ட வார்த்தையிலிருந்து பேச்சு தொடரும்.

ஓடுவது ஒரு தண்ணீர் பம்ப். அவருடைய பஞ்சர் கடைக்குப் பின்னால் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள முற்றத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு சிமென்ட் குளம். அதற்குள் கோய் என்று சொல்லும் வண்ணக் கெண்டைகள். ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு. மூன்றும் கண்டபடி தெறித்த சிலவும் உண்டு. முன்பு ஒரு வாடிக்கையாளர் வீடு மாறிப் போகும் வழியில் வண்டி பஞ்சராகி இங்கே வந்து நின்றாராம். வண்டிக்குள் ஒரு வாளி நிறைய மீன். "போற வீட்டுல இடமில்லைங்க" என்று வாளியை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். டியூபை முக்கி ஓட்டை பார்க்கும் தொட்டியில்தான் இவர் அவற்றை முதலில் விட்டாராம். "அன்னைக்கு ஒரு டியூபுக்கும் ஓட்டை கண்டுபிடிக்க முடியல சார். எங்க பாத்தாலும் குமிழி!" இந்தக் கதையை நான் கேட்காத நாளில்லை.

தெருவில் அவருக்குக் காத்துக்காரர் என்று பெயர். குள்ளம், அகலம், விரலெல்லாம் ரப்பர் பசை. சட்டைப்பையில் எப்போதும் வால்வு மூடிகள்; குனிந்தால் கொட்டும். நிமிர்ந்தால் பேச்சு கொட்டும். மீன்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் ஏதோ ஆபீசுக்குள் நுழைந்துவிட்டதாகத் தோன்றும். எல்லோரும் தின்று முடித்த பிறகும் தரையைத் துழாவிக்கொண்டிருப்பது ஓவர்டைம். எப்போது பார்த்தாலும் குழாய்க்குப் பின்னால் மறைந்திருப்பது லீவ் லெட்டர். உடம்பெல்லாம் வெள்ளையும் முதுகில் ஆரஞ்சுத் திட்டுமாகக் கடைசியில் மெதுவாக வருவது மேனேஜர். அது வந்தால் மற்றவை விலகும். "பந்தாவைப் பாருங்க சார். நாலு தடவை கூப்பிட்டாதான் வரும்" என்று பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதுபோல் பெருமைப்படுவார்.

குளத்தோரம் ஒரு நீல பேரல் நிற்கும். அதுதான் ஃபில்டர். உள்ளே அடுக்கடுக்காக ஸ்பாஞ்சும் வலையும். பம்ப் குளத்துத் தண்ணீரை அதற்குள் ஏற்றும். அது சுத்தமாகிக் குழாய் வழியே திரும்பக் குளத்தில் விழும். அழுக்கை வடிகட்டுகிற சமாசாரம், அவ்வளவுதானே என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் ஸ்கூட்டர் டியூப் ஒட்டும் வேலை பாதியில் நின்றது.

"அவ்வளவுதானா? நாம மீனுக்குச் சாப்பாடு போடறோம். அது போடற அசிங்கத்தை யார் சாப்பிடறா? இந்த ஸ்பாஞ்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கோடிக்கணக்குல குடித்தனம் நடத்துதுங்க சார். அதுங்களுக்கும் மூச்சு வேணும். தண்ணி ஓடலைன்னா அதுங்க செத்து, அழுகி, பேரலே விஷமாயிடும். அப்ப கரண்ட் வந்து பம்பு ஓடுச்சுன்னு வைங்க, அத்தனை விஷமும் நேரா குளத்துக்குள்ள!"

இந்தப் பாடம் அவருக்குச் சும்மா வரவில்லை. போன வருஷம் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. சொம்பும் கையுமாக உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி, எல்லா மீனையும் காப்பாற்றிவிட்டார். கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்து பம்பைப் போட்டுவிட்டு, அசதியில் படுத்தவர்தான். காலையில் குளம் முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன. மேனேஜரும் இன்னும் சிலவும் மட்டும் மூலையில் வாயைப் பிளந்தபடி உயிரோடு கிடந்தன. "கரண்ட் போனதுல ஒண்ணுகூடச் சாகல சார். கரண்ட் வந்ததுலதான் செத்துச்சு" என்பார்.

செத்த மீன்களை அள்ளியது அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவுக்கே நர்ஸம்மா. கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்து, குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து சொன்னார்: "வேலை பாக்கற இடத்துல பாக்கறது பத்தாதா எனக்கு? வீட்டுக்கு வந்தும் சாவைப் பாக்கணுமா? இன்னொரு தடவை கரண்ட் போய் ஒரு மீன் செத்துச்சுன்னா, இந்தக் குளத்தை மூடிடுவேன்." வாய்ப்பேச்சு இல்லை. மறுவாரமே சிமென்ட் மூட்டைகள் வந்து முற்றத்துச் சுவரோரம் அடுக்கப்பட்டன.

அதற்குப் பிறகுதான் காத்துக்காரருக்குப் பம்ப் சத்தத்துக்குக் காது கொடுக்கும் பழக்கம் வந்தது. புதிய மீன்களும் வந்தன. மூட்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. தினமும் மீனுக்குத் தீனி போடும்போதெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் போடுவார், பாவம்.

இந்த மழைக்காலத்தில் வந்தது சோதனை. காலையில் அடித்த காற்றில் தெருமுனை மரம் சாய்ந்து, கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. லைன்மேன் அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னைக்கு வராது. நாளைக்கும் சந்தேகம்தான்."

நான் போனபோது காத்துக்காரர் பம்பின் பிளக்கைப் பிடுங்கிவைத்துவிட்டு, பேரலிலிருந்து ஸ்பாஞ்சுகளை எடுத்து வலைப்பையில் கட்டிக் குளத்துக்குள்ளேயே தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். பூச்சிகளையும் மீன்களோடு சேர்த்துக் காப்பாற்றும் ஏற்பாடு. பேட்டரியில் ஓடும் குட்டிக் காற்று பம்ப் ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் அது மூச்சை விட்டது. கொஞ்ச நேரத்தில் லீவ் லெட்டர் குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, மேல்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அது வெளியே வந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"கலங்காதீங்க சார். காத்து நம்ம கடையில இல்லாம வேற எங்க இருக்கும்?" என்றார். உள்ளேயிருந்து லாரி டியூப்கள் வந்தன. கழுவிக் காயவைத்து இதற்கென்றே ஒதுக்கிவைத்திருந்தவை. காலால் மிதிக்கும் பம்பால் காற்றடித்தார். "கம்ப்ரசர் காத்துல எண்ணெய் வரும். லாரி குடிக்கும், இதுங்க குடிக்காது." வால்வில் மெல்லிய குழாயை மாட்டி, அதன் மறுமுனையில் இருந்த சொரசொரப்பான கல்லைக் குளத்தின் அடியில் போட்டார். குமிழி வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது.

டியூபின் மேல் பாரம் வைத்து அழுத்தினால்தான் காற்று அவ்வளவு ஆழத்துக்கு இறங்கும். பழைய டயர்களை ஏற்றிப் பார்த்தார், போதவில்லை. அவரே ஏறி உட்கார்ந்தார். குமிழி வந்தது, ஆனால் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? சுற்றிலும் பார்த்தார். கண் சிமென்ட் மூட்டைகள் மேல் போய் நின்றது. வாசற்படியில் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். குளத்தை மூட வாங்கிய மூட்டையைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

"என்ன முழிக்கறீங்க? தூக்கி வைங்க."

"தூள் கொட்டுமேம்மா... தண்ணில விழுந்தா..." என்று இழுத்தார் காத்துக்காரர்.

"அது கொட்டாது. எப்பவோ ஈரம் குடிச்சுக் கல்லாயிடுச்சு."

காத்துக்காரர் மூட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். கல்தான். மிரட்டல் உள்ளுக்குள்ளே கெட்டிப்பட்டு உதவாமல் போய் எவ்வளவு காலமாயிற்றோ! அது தெரிந்தும் அந்த அம்மாள் வேறு மூட்டை வாங்கவில்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது. காத்துக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பிடிங்க சார் அந்தப் பக்கம்" என்றார்.

பலகை வைத்து, மூட்டை ஏற்றினோம். குளத்தின் அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பின. டியூப் இளைக்க இளைக்க அடுத்த டியூப் தயாராக வேண்டும். நர்ஸம்மா முற்றத்தை வார்டாக மாற்றிவிட்டார். யார் எப்போது மிதிப்பது, யார் மூட்டை மாற்றுவது, யார் மீன்களைக் கவனிப்பது என்று முறை போட்டார். பக்கத்துச் சலூன்காரர், நான், தெருவில் சும்மா எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். தீனிப் பொட்டலத்தோடு வந்த கணவரை வழியிலேயே மறித்தார். "சாப்பாடு கிடையாது. இருக்கற அசிங்கம் போதும். பேஷண்டுக்கு என்ன தரணும்னு எனக்குத் தெரியும்." காத்துக்காரர் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இரவும் இப்படியே முறை மாற்றி முறை மாற்றிப் போயிற்று. காலையில் எண்ணிப் பார்த்தோம்; ஒன்றும் குறையவில்லை. லீவ் லெட்டர் மறுபடி குழாய்க்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

மறுநாள் பிற்பகல் தெருவே ஊளையிட்டது. கரண்ட்! சலூனில் ரேடியோ தானாகக் கத்தியது. சலூன்காரர் ஒரு பக்கம் சவரம் செய்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "அண்ணே, வந்துடுச்சு! நானே போட்டுடறேன்!" அவர் கை அதற்குள் பம்பின் பிளக்கில் இருந்தது. காத்துக்காரர் குளத்தின் அந்தப் பக்கம் டியூபின் மேல் பலகையை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் பதறிக் கையை ஆட்டினார்.

"கை வெச்சே, ஒடைச்சுடுவேன்!"

நர்ஸம்மாதான். இரண்டே எட்டில் வந்து ஸ்விட்ச் போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். "முதல்ல அந்த பேரலைக் கவுங்க."

கவிழ்த்தோம். அடியில் கிடந்த கறுப்புத் தண்ணீர் சாக்கடையில் இறங்கியபோது அடித்த நாற்றத்தில் சலூன்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்யய்யோ, இதையா அண்ணி நான் உள்ள விட இருந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பேரலைக் குளத்துத் தண்ணீராலேயே கழுவினோம். ஸ்பாஞ்சுகள் பத்திரமாக உள்ளே போயின. பிளக்கை நர்ஸம்மாவே மாட்டினார். குழாயில் வந்த முதல் தண்ணீரைத் தரையில் விட்டு, காத்துக்காரர் உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தார். அப்படியே கையை மனைவியின் மூக்குக்கு நீட்டினார். அவரும் முகர்ந்து தலையாட்டினார். குழாய் குளத்துக்குத் திரும்பியது. நாங்கள் போட்ட கூச்சலில் சலூன் வாடிக்கையாளர் பாதி தாடியோடு எட்டிப் பார்த்தார்.

காத்துக்காரருக்கு வாய் திரும்பக் கிடைத்துவிட்டது. "எத்தனை டியூப் சார்! எவ்வளவு காத்து! இந்தத் தெருவுல வேற யாராவது இப்படி..." என்று ஆரம்பித்தார். நர்ஸம்மா கல்லாகிப்போன சிமென்ட் மூட்டை ஒன்றைக் காலால் தள்ளித் தள்ளிக் குளத்தோரம் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, பாதங்களைத் தண்ணீருக்குள் விட்டார். மேனேஜர் யாரும் கூப்பிடாமலே வந்து அவருடைய கால்விரலை வாயால் தொட்டுப் பார்த்தது. கணவர் பேசிக்கொண்டே போனார். அந்த அம்மாள் வலது கையைத் தூக்கினார். எல்லோரும் வாயை மூடினோம். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பேரல் பக்கம் காதைக் கொடுத்தார்.

"ஓடுது" என்றார்.