ஓவனுக்குள் ஊறிய அன்னாசி

ஹூஸ்டனில் நம் ஆட்கள் வீட்டுக் கல்யாணமா, வளைகாப்பா, சாப்பாடு என் சமையலறையிலிருந்துதான் போக வேண்டும். போகாத கல்யாணத்தைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். என் கடைச் சுவரில் சாமி படம் உண்டு, சான்றிதழ் கிடையாது. ஆனால் மூடிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாலே போதும், உள்ளே இருப்பது பதமாகப் புளித்துவிட்டதா, இன்னும் கொஞ்ச நேரம் வேண்டுமா என்று என் மூக்கு சொல்லிவிடும். இந்த மூக்கை யார் பழக்கினார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பழக்கியது என் தாய்மாமா. பழக்கிய சரக்கு, அவர் எங்கள் வீட்டில் கள்ளத்தனமாக ஊறப்போட்ட சீனித் தண்ணீர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. ஹில்கிராஃப்ட் பக்கத்தில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். மாமா கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து எங்கள் ஹால் சோபாவிலேயே குடியேறிவிட்டார். அம்மாவுக்கு ஒரே தம்பி. அப்பாவுக்குக் குடி என்றாலே ஆகாது. வீட்டு வாசலைப் பாட்டில் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மாமா அந்தச் சட்டத்தை நன்றாக ஆராய்ந்து பார்த்தார். பாட்டில் வரக் கூடாது என்றுதானே சொன்னார்? வீட்டுக்குள்ளேயே உண்டாவதைப் பற்றி அத்தான் ஒன்றும் சொல்லவில்லையே!

அவரோடு வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுவாராம். அவரிடம் கேட்டு வந்து, சீனியைத் தண்ணீரில் கரைத்து, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைத் தூவி, பெரிய சோடா பாட்டில்களில் ஊற்றி வைத்தார்.

"அக்கா, இது சாராயமா சொல்லு? வெறும் சீனித் தண்ணி. நம்மூர் சர்பத்து மாதிரி."

"சர்பத்துக்கு எதுக்குலே இந்த வாடை? ஒங்க அத்தான் மோந்தாருன்னா ஒன்னையும் என்னையும் சேத்து வெளிய தள்ளிருவாரு."

வாடையைக் கண்டுபிடித்தது அம்மா. அதற்கு வழி கண்டுபிடித்தது நான். வெறும் சீனித் தண்ணீர் ஊறினால் ஈரச் சாக்கு மாதிரி நாறும். இஞ்சியைத் தட்டிப் போடச் சொன்னேன். நாற்றம் பாதி குறைந்தது. பிறகு நன்னாரி, பிறகு ரோஸ் சிரப், கடைசியாக அன்னாசி. அன்னாசிதான் என் உச்சம். நாக்கில் ஒரு சொட்டுப் பட அம்மா விடமாட்டாள். எல்லாம் மூக்கு வேலைதான். "ஏட்டி, ஒன் மூக்கத் தங்கத்துல செஞ்சு போடணும்" என்று மாமா சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது. கணக்குப் பாடத்தில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

ஊறவைக்கும் இடம் ஓவன். எங்கள் குடியிருப்பில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஓவனை மூட்டியதாக நான் பார்த்ததில்லை. வாணலியும் தோசைக்கல்லும் வைக்கிற அலமாரி அது. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, இட்லி மாவைப் பொங்க வைப்பார்கள். எங்கள் ஓவனில் மாவுக்கு ஒரு தட்டு, மாமாவுக்கு ஒரு தட்டு. அப்பா அடுப்படிக்கே வராதவர் என்பதால் பயமில்லை. பள்ளிவிட்டு வந்ததும் மூடிகளைக் கொஞ்சம் தளர்த்தி விடுவது என் வேலை. புஸ்ஸென்று காற்று வெளியேறும்போது முகத்தைக் கிட்டே கொண்டு போவேன். அந்த வாசனைக்காகவே நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பொங்கல் விழாவில் மாமா ஒரு பெண்ணைப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் சோதிக்கிற லேபில் வேலை. பந்தியில் அவர் சர்க்கரைப் பொங்கல் பரிமாற, மாமா திரும்பத் திரும்ப இலையில் வாங்கி, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அதுவரை ஊரிலிருந்து வந்த பெண் போட்டோக்களை எல்லாம் ஒவ்வொரு குறை சொல்லித் தள்ளியவர், அன்றிலிருந்து தினமும் சவரம் செய்தார். அம்மா விசாரித்தாள். நாகர்கோவில்காரர்கள். பெண்ணின் அப்பா அப்போது மகளைப் பார்க்க வந்திருந்தார். எல்லாம் பொருத்தம். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. பெரியவர் மதுவிலக்கு மேடைகளில் பேசுகிறவர். குடிக்கிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாராம்.

"அந்தக் கருமத்தை எல்லாம் கீழ ஊத்துலே" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கெழம மாப்பிள்ள பாக்க வாராங்க, திங்கக்கெழம பதமாயிரும் அக்கா. கஷ்டப்பட்டுப் போட்டது. வாடை வெளிய வராம நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்ட விதம் இதுதான். ஞாயிறு காலையில் எழுந்து எல்லா மூடிகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி மூடினார். போதாதென்று மேலே டேப் சுற்றினார். மாவுச் சட்டிக்குப் பின்னால் பாட்டில்களை மறைத்து வைத்தார். பிறகு இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரியவரும் மகளும் வந்தார்கள். பெரியவர் வெள்ளை வேட்டிக்கு மேல் தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். பேச்சு வீடு, வேலை, கிரீன் கார்டு என்று நல்லபடியாகப் போனது. மாமா ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். அந்த அக்கா வாய்க்குள் சிரித்ததை நான் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரே குதியாட்டம்.

அவர்கள் வாங்கி வந்த பஃப்ஸ் ஆறிப் போயிருந்தது. "ஆன்ட்டி, நீங்க உக்காருங்க, நான் warm பண்ணிக் கொண்டுவரேன்" என்று அந்த அக்கா எழுந்து உள்ளே போனார். அம்மா பின்னாலேயே போவதற்குள் பெரியவர் ஏதோ கேட்க, நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் படித்த பெண் என்ன செய்யும்? ஓவனைத் திறந்து பார்க்காமலே சூடேற்றத் திருகிவிட்டு, தட்டில் பஃப்ஸை அடுக்கியிருக்கிறார்.

முதலில் பிளாஸ்டிக் கருகும் வாடை. மாமா சோபாவிலிருந்து எழுந்த வேகத்தை இன்றும் மறக்க முடியாது. "ஐயோ, ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி, அந்த அக்காவைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தார். டமால்! ஓவன் கதவு வாயைப் பிளந்துகொண்டு விழுந்தது. அடுத்தடுத்து இரண்டு டமால். மாவுச் சட்டி உருண்டது. கூரையில் இட்லி மாவு, சுவரில் அன்னாசி, மாமாவின் சட்டையில் இரண்டும். புகை அலாரம் கீ கீ என்று கத்தியது. ஒரு பாட்டில் மட்டும் வெடிக்காமல் உருண்டு வந்து, பெரியவரின் காலடியில் நின்றது.

நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அலாரம் ஓய்ந்த பிறகுதான் வாசனை ஹாலுக்கு வந்தது. அன்னாசியும் இஞ்சியும் முன்னால் வர, அவற்றால் மறைக்க முடியாத இன்னொன்று பின்னால் வந்தது. அப்பா மூக்கை உறிஞ்சினார். பெரியவரும் உறிஞ்சினார். மூக்குக்கண்ணாடியில் தெறித்திருந்த மாவைத் துடைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகம் செத்துப் போயிருந்தது.

அம்மா முன்னால் வந்தாள். "ஆப்பத்துக்குப் போட்டது அண்ணாச்சி. இந்த ஊர்ல கள்ளுக்கு எங்க போக? ஈஸ்ட்டையும் சீனியையும் ஊற வச்சுத்தான் மாவுல ஊத்துதேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். "ஆமா. ஆப்பம்னா இவளுக்கு உயிரு." அவர் அம்மாவைப் பார்க்காமல் கூரையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தபடி சொன்னார். அப்பாவே ஏமாந்துவிட்டார் என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரியவர் குனிந்து அந்தப் பாட்டிலை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "அப்பிடின்னா ஆப்பம் சுடுங்கம்மா. சாப்பிட்டுட்டே போறோம்."

சரியாக மாட்டிக்கொண்டோம். ஆனால் என் அம்மா யார்? ஃபிரிட்ஜில் தோசைக்கு ஆட்டிய மாவு கொஞ்சம் இருந்தது. டப்பாத் தேங்காய்ப் பாலைச் சேர்த்துக் கரைத்தாள். பாட்டிலைத் திறந்து, எல்லார் மூக்குக்கும் நேராகவே ஊற்றினாள். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று கண்ணாலேயே என்னைக் கேட்டாள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சட்டியை வைத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்றேன். மற்றவர்கள் வீட்டைத் துடைத்தார்கள். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறிக் கூரையைத் துடைத்தார். மாவு மெல்ல நுரைத்து மேலே வந்தது. வாசனை மாறிய நொடியில் "இப்ப ஊத்தும்மா" என்றேன். ஆப்பச்சட்டி கிடையாது. சின்ன வாணலியைத்தான் சுழற்றினாள். ஓரம் சல்லடையாக, நடு பஞ்சாக, அன்னாசி மணக்க வந்தது பாருங்கள் ஒரு ஆப்பம்! இன்றைக்கு என் மெனுவில் அதுதான் முதலில் தீர்கிறது.

பெரியவர் ஒன்று சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். மறுபடியும் கேட்டார். கை கழுவிவிட்டு, "நான் சொல்ல என்ன இருக்கு, பொண்ணு சொல்லட்டும்" என்று என் அப்பாவோடு கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போனார்.

அந்த அக்கா நேராக அடுப்படிக்கு வந்தார். ஓவனைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவுக்கு முன்னால் நின்றார்.

"டேப் வேற சுத்தியிருக்கீங்க! உள்ள gas form ஆகும்னு basic கூடத் தெரியாதா? என் மூஞ்சில வெடிச்சிருந்தா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு "ஸாரிங்க" என்றார்.

"இனிமே என்னைக் கேக்காம ஒண்ணும் போடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

அந்த அக்கா விறுவிறுவென்று போய்விட்டார். இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் இப்படித் திட்டிவிட்டுப் போய்விட்டாரே! அம்மாவிடம் ஓடி, "அம்மா, அந்த அக்கா மாமாவை ரொம்பத் திட்டிட்டாங்க, எல்லாம் போச்சு" என்று நடந்ததை அப்படியே ஒப்பித்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், மாமா ஓவனுக்குள் தலையை விட்டுத் துடைத்தபடி பாடிக்கொண்டிருந்தார். மனசு உடைந்துதான் பாடுகிறார், பாவம் என்று, நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.