சத்துதானே, ஒண்ணும் பண்ணாது

மருந்துக் கடை வெச்சிருக்கிற மக்களே, உங்களுக்குத் தெரியாததா? சீட்டு இல்லாம மாத்திரை கேட்டா யோசிப்போம். டானிக் கேட்டா யோசிக்காம எடுத்துக் குடுத்துடுவோம். ஆரணியில நானும் அப்படித்தான் கடை நடத்திகினு இருந்தேன்.

இரும்புச் சத்து

கஸ்தூரி, பட்டு நெய்யற பலராமனோட மனைவி. வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போச்சுன்னு இரும்புச் சத்து டானிக் கேட்டாங்க. மூணு மாசம் குடுத்தேன். அவருக்கு வேற வியாதி இருக்கான்னு ஒரு தடவைகூட கேட்கல. மூணாவது பாட்டில் வாங்கறப்போ சொன்னாங்க: "மாத்திரைன்னாதான் பயம்ண்ணா. இது சத்துதானே, ஒண்ணும் பண்ணாது."

தூக்க மாத்திரை

அடுத்த வாரமே வந்து தூக்க மாத்திரை கேட்டாங்க. ராத்திரியெல்லாம் முழிச்சிகினு இருக்காராம், பகல்ல தறியிலயே தூங்கறாராம். முப்பது வருஷமா நெய்யற மனுஷன், சேலையில புட்டா, அதான் பூ, போடற இடத்தையே மறந்துட்டாராம். இது வெறும் தூக்கக் கோளாறு இல்லன்னு தோணிச்சு. துருவித் துருவிக் கேட்டப்புறம்தான் சொன்னாங்க, ஈரல் சுருங்கிப்போய் வேலூர்ல வைத்தியம் பார்க்கிறாங்கன்னு.

தினம் ரெண்டு மூணு தடவை வெளிக்குப் போகணும்னு அங்க ஒரு சிரப் குடுத்திருக்காங்க. கெட்டுப்போன ஈரல் கழிக்காத விஷம் அந்த வழியாதான் வெளியேறணும். தறிக்குழியில காலை விட்டு உட்கார்ந்தவருக்கு அடிக்கடி எழுந்திருக்கிறது பேஜாரா இருக்கவும், சிரப்பை நிறுத்திட்டார். அதுக்கு மேல என் டானிக். இரும்புச் சத்து மலத்தைக் கட்டும். விஷம் மூளைக்கு ஏறிகினு இருந்தது. இதுல தூக்க மாத்திரையும் போயிருந்தா, அந்த ஈரலால அதைக் கரைச்சு வெளியேத்த முடியாது. மனுஷன் எழுந்திருக்கவே மாட்டார். ஜல்தியா கார் புடிச்சு வேலூருக்குக் கூட்டிப் போங்கன்னேன். வாசல்படியில நின்னு கேட்டாங்க: "நான் குடுத்ததாலதான் இப்படி ஆச்சுங்களா?"

சிரப் வாங்க வந்த நாள்

அன்னைக்கு முதல்ல கிளம்புங்கன்னு அனுப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு சிரப் வாங்க வந்தாங்க. அவர் தெளிஞ்சுட்டார், பேரப்பிள்ளைங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறார்னாங்க. அப்போதான் சொன்னேன், கேட்காம வித்தவன் நான், தப்பு என்னோடதும்மான்னு. வெட்கமா இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். சீட்டை நீட்டிகினே அவங்க சொன்னது இதுதான்: "நீங்க கேட்கல, நான் சொல்லல. நடுவுல அவருதாண்ணா போயிருப்பாரு."

இப்பல்லாம் டானிக் கேட்டு வர்றவங்களை யாருக்கு, என்ன வியாதின்னு குடைஞ்சு எடுக்கிறேன். பாதிப் பேர் கோவிச்சுகினு அடுத்த கடைக்குப் போறாங்க, அந்தக் கடைக்காரராவது கேட்கணும்.