ஆடிய ஸ்டீயரிங்கும் நான்கு வளையங்களும்

இராஜபாளையத்து நூல் மில்லில் பல வருடம் பிட்டராக இருந்த எபனேசர், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, கார்களின் பழைய அலாய் வீல்களைப் புதுசாக்கப் போகிறேன் என்று வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார். தெருவே சிரித்தது. அவர் மனைவி ரெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளுக்குச் சிரிக்க எங்கே நேரம்? பேண்டேஜ் கம்பெனியிலிருந்து துணி வாங்கிவந்து வீட்டில் ரோல் சுற்றிக் கொடுப்பவர். அதில் மிஞ்சும் கழிவுத் துணிதான் எபனேசருக்கு வீல் துடைக்க.

தொழில் எழுந்திருக்கவே இல்லை. மில்லில் திரும்பக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியும் விட்டார். ரெனிட்டா மில்லுக்குப் போடும் காக்கிச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவைத்தார்.

அந்த வாரம்தான் ரெனிட்டாவின் அண்ணன் பெலிக்ஸ் தன் காரின் நான்கு வீல்களையும் கழற்றிக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்சி ஓட்டுபவர்.

"இது மட்டும் நல்லா வரட்டும் மாப்ள. எங்க ஸ்டாண்டுல அம்புட்டு பேரையும் ஒங்கிட்ட அனுப்புதேன்."

எபனேசர் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். நடு ஓட்டையில் அழுக்கேறி ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக்கைப் பெயர்த்தெடுத்தார். மில்லில் மிஷினைப் பிரித்தால் பழைய பிளாஸ்டிக் முதலில் குப்பைக்குத்தான் போகும், அதே கைப்பழக்கம். பெயிண்டை உரித்து, உரசல்களைத் தேய்த்துச் சமமாக்கி, சில்வர் அடித்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு.

மாட்டி ஓட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடியது.

"முந்தி ஆடலையே மாப்ள! என்னத்தப் பண்ணுன?"

எபனேசருக்கு ஒன்றும் புரியவில்லை. டயர் கடையில் பேலன்ஸ் பார்த்தார். மிஷின் ஒரு குறையும் காட்டவில்லை. வேறு கடைக்குப் போனார், அங்கேயும் அதேதான். வீல் நேராகச் சுற்றுகிறது, டயர் நன்றாக இருக்கிறது, ரோட்டில் மட்டும் ஆடுகிறது. மிஷினை நம்புவதா, கையை நம்புவதா? தன் கையில்தான் ஏதோ கோளாறு, மில்லுக்கே போய்விடலாம் என்று முடிவு கட்டிக்கொண்டு, பெலிக்ஸோடு வீட்டுக்குத் திரும்பினார். மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே ரெனிட்டா பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்த ரோல்களில் நான்கு மட்டும் பிரியாமல் நின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம்.

"ஏட்டி, இது ஏது?"

"அழுக்குத் துணிக்குள்ள சுருட்டிக் குடுத்து, தூரப் போடுன்னிய. நல்லாத்தான இருக்குன்னு கழுவி வச்சேன். ரோல் அவுறாம பிடிக்கி."

எபனேசர் ஒன்றை உருவிக்கொண்டு ஓடினார். ஒரு வீலைக் கழற்றி, நடு ஓட்டையில் வைத்து அழுத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பெலிக்ஸின் வீல் காரோடு வந்ததல்ல, வெளியே வாங்கி மாட்டியது; பல கார்களுக்கும் பொருந்தவேண்டும் என்று அதற்கு நடு ஓட்டை பெரிது. கார் அச்சில் இடைவெளி இல்லாமல் அதை நடுவில் நிறுத்துவதே இந்த வளையம்தான். அதைத்தான் குப்பை என்று எறியச் சொல்லியிருக்கிறார்!

நான்கையும் போட்டு மறுபடி ஓட்டினார்கள். ஸ்டீயரிங் அசையவில்லை.

"என்னடே செஞ்ச?" என்றார் பெலிக்ஸ்.

"நான் ஒண்ணும் செய்யல மச்சான். ஒங்க தங்கச்சிட்ட கேளுங்க."

பெலிக்ஸ் திரும்பும்போதே ஸ்டாண்டுக்குப் போன் போட்டுப் பேசினார். மறுநாளே இரண்டு கார் வருகிறதாம். எபனேசருக்கு இப்போது புதுக் குழப்பம். திங்கட்கிழமை மில்லுக்கா, கொட்டகைக்கா?

"துடைக்கத் துணி இருக்காட்டி?" என்று மட்டும் கேட்டார்.

"கழிவுத் துணி தீந்துபோச்சு. செத்த நேரம் பொறுங்க" என்று ரெனிட்டா எழுந்தார். ஆணியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து, முதுகுப் பக்கம் பல்லால் கடித்து, நீளமாகக் கிழித்தார்.