மாடிக்கு வந்த அண்ணன் மகள்கள்

தன் மாடியை யாருக்கு வாடகைக்கு விட்டாலும் இசக்கியம்மாள் முதலில் ஒரு உறவுமுறை சொல்லிக்கொடுப்பாள். டிபாசிட், வாடகை, தண்ணீர் பிடிக்கிற நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வருகிறவள் அவளுடைய அண்ணன் மகள். கணவன் மனைவியாக வந்தாலும் மனைவிதான் அண்ணன் மகள். சந்தில் யார் கேட்டாலும், போலீஸே வந்து கேட்டாலும், ‘அத்தை வீடு’ என்றுதான் சொல்ல வேண்டும்.

“வாடகைக்கு இருக்கேன்னு வாய் தவறிக்கூட வரப்பிடாது. வந்துச்சோ, மறுநாளே சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவேன், பாத்துக்க.”

நான் பிரம்மநாயகம். தாராவியில் வாடகைக்கு ரூம் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர். அவள் மாடிக்கு ஆள் கொண்டுவந்தவன் எல்லா முறையும் நான்தான். அவளுக்கு இத்தனை அண்ணன் மகள்கள் கிடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு தடவை மேலப்பாளையத்துப் பெண் ரஷீதாவைக் கூட்டிப்போனேன். அவளையும் அண்ணன் மகளாக்கப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, வேறு ரூம் பாருங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டாள்.

இசக்கியம்மாள் அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். பை தைக்கிற கார்கானாவில் ஜிப் வைத்து, விரலெல்லாம் ஊசி ஏறி, அந்தக் காசில் கீழ்வீட்டின் மேல் தகரம் போட்டு ஒரு மாடி எழுப்பினாள். வெளியிலிருந்து ஏற ஓர் இரும்பு ஏணி. மேலே தனி அடுப்பு, தனிக் கதவு. மாடி எழும்பிய சமயத்தில்தான் பக்கத்துச் சந்து பூதத்தான் ஊருக்குப் போனார். மகள் கல்யாணத்துக்குப் போனவர் திரும்பி வருவதற்குள், அவர் வீட்டில் குடியிருந்தவன் அந்த விலாசத்தில் ரேஷன் கார்டும் கேஸ் இணைப்பும் வாங்கி உட்கார்ந்துவிட்டான். வழக்கு இழுத்து இழுத்து, பூதத்தான் கோர்ட்டு வராந்தாவிலேயே கிழவனானார். அதைப் பார்த்த நாளிலிருந்து, குடியிருக்க வருகிறவன் எல்லாம் வீட்டைப் பிடுங்க வருகிறவன் என்பது அக்காவின் முடிவு.

சின்ன வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர் எதிர். குடிவைப்பவரை ஒளிக்காதீர்கள். பதினோரு மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டு ரெஜிஸ்டர் பண்ணுங்கள். போட்டோவும் ஆதார் நகலும் வாங்கி போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். வேலை பார்க்கும் இடத்துக்கு ஒரு நடை போய், நம்மிடம் சொன்னதும் அங்கே சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று விசாரியுங்கள். சுவரையும் குழாயையும் ஆள் வரும் முன்பே போனில் படம் பிடித்து வையுங்கள். நானும் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் சந்தேகப்படுவதற்கும் ஒரு முறை வேண்டும். அக்காவிடம் அந்த முறை கிடையாது.

“பேப்பர்ல அவன் பேரு ஏறுச்சுன்னா ஏறுனதுதான். நாளைக்கு அதைக் காட்டியே நின்னுருவான்” என்பாள்.

“அதே பேப்பர்லதானக்கா, நீங்க சொந்தக்காரி, நான் வாடகைக்கு வந்தவன்னு அவனே கையெழுத்துப் போடுதான்?”

“நீ ஒங் கமிஷனுக்குப் பேசுத.”

கமிஷன் எனக்கு எப்படியும் வரும். அதைச் சொன்னால் அதற்கும் ஒரு சந்தேகம் வைத்திருப்பாள் என்று விட்டுவிடுவேன்.

கடைசியாக வந்த அண்ணன் மகள் ஜான்சி. சயானில் ஒரு பல் டாக்டரிடம் உதவிக்கு இருந்தாள். புருஷனுக்குப் பிவண்டி குடோனில் வேலை, வாரம் ஒருமுறை வருவான். ஜான்சியைப் போல ஒரு குடித்தனக்காரி கிடைத்தால் மற்ற வீட்டுக்காரர்கள் எனக்குப் பொட்டலம் பொட்டலமாக அல்வா வாங்கித் தருவார்கள். அக்காவுக்கோ அவள் செய்த ஒவ்வொரு நல்ல காரியத்திலும் ஒரு சந்தேகம்.

“சொந்தக் காசுல செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கா தம்பி. வாடகைக்கு இருக்கவ என்னத்துக்கு அடிக்கா?”

“அழுக்கா இருந்திருக்கும்.”

“மழைக்கு முன்னாடியே தகரத்துக்கு மேல பிளாஸ்டிக் விரிச்சிட்டா. நான் சொல்லவே இல்ல. வீட்டுக்காரி மாதிரி செய்யுதா. வாடகையும் கேக்கதுக்கு முன்னாடி தந்துருதா. எவ தருவா அப்படி? ஏதோ திட்டம் இருக்கு.”

பாங்கு வேலைக்கு என்று ஜான்சி ஒரு தடவை கரண்ட் பில் நகல் கேட்டாள். அவ்வளவுதான். அக்கா அன்றே பில்லை எல்லாம் மஞ்சள்பையில் சுருட்டி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள். ஜான்சி பேருக்கு ஒரு கூரியர் வந்தபோது, அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பினாள். அது பிறந்தநாளுக்குப் புருஷன் அனுப்பிய சுடிதார் என்று பிறகு தெரிந்தது. அதற்கும் ஜான்சி சண்டை போடவில்லை. சண்டை போடாததுதான் அக்காவுக்கு ரொம்பச் சந்தேகம்.

இந்தக் காவல் எல்லாம் மகளுக்காக. ஒரே மகள் மாலதி கோவண்டியில் வாக்கப்பட்டிருந்தாள். ஒரே ரூமுக்குள் மாமியார், கொழுந்தன் குடும்பம், இவள் குடும்பம். நடுவில் ஒரு சேலையைக் கட்டித்தான் படுக்கை. இங்கே குடிசைகளை இடித்துப் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள், அதற்கு வீடுவீடாகக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், அக்கா மகளிடம் சத்தியம் பண்ணிச் சொன்னாள். கீழ்வீட்டுக்குக் கிடைப்பது எனக்கு, மாடிக்குக் கிடைப்பது உனக்கு. மாலதி அதை நம்பித்தான் அந்தச் சேலைக்குப் பின்னால் நாளைத் தள்ளினாள்.

கணக்கெடுக்க வந்த அன்று அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தாள், ஏதாவது லஃப்டா, தகராறு ஆனால் பேச ஆள் வேண்டும் என்று. கையில் டேப்லெட்டோடு ஒரு பையனும் ஒரு பெண்ணும், பின்னால் பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆளும் வந்தார்கள். கீழே பார்த்து எழுதி முடித்துவிட்டு, மாடியில் யார் இருப்பது என்று அந்தப் பையன் இந்தியில் கேட்டான். ஜான்சி ஏணியின் பாதியில் நின்றிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தாள்.

“மேரி புவா கா கர் ஹை.” என் அத்தை வீடு.

அவன் அக்கா பக்கம் திரும்பினான். “ஏக் ஹி ஃபேமிலி ஹை க்யா?”

ஒரே குடும்பமா என்று கேட்கிறான். எனக்குச் சுரீர் என்றது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைக் கிள்ளினாள், ரத்தம் கட்டுகிற அளவுக்கு.

“ஹாங், ஹாங், ஏக் ஹி ஃபேமிலி. மேரா பாயி கா பேட்டி” என்றாள். என் அண்ணன் மகள் என்று சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தது வேலை செய்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

பெயிண்ட் ஆள் கீழ்ச் சுவரில் ஒரு நம்பர் எழுதினான். ஒரு நம்பருக்கு ஒரு புது வீடு என்பது கணக்கு. எதிர்வீட்டுக்குப் போனான். எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பீகார்க்காரன் உள்ளதைச் சொன்னான், வீட்டுக்காரரும் அக்ரிமெண்டைக் காட்டினார். அங்கே கீழே ஒரு நம்பர், ஏணியில் ஏறி மேலே ஒரு நம்பர். அக்கா தன் ஏணியைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள்.

“தம்பி, நம்ம மாடிக்கு எழுதலியே?”

நான் ஓடிப்போய்க் கேட்டேன். ஒரே குடும்பம் என்றால் ஒரே வீடு என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கதவைத் தட்டினார்கள்.

“இப்பவே சொல்லிருவோம்க்கா, அவ வாடகைக்கு இருக்கான்னு. தனி அடுப்பு இருக்கு, வந்து பாக்கட்டும்.”

“மெதுவாப் பேசு. அவ நிக்கா.” அக்கா என்னை வீட்டுக்குள் இழுத்தாள். “இப்ப போயி வாடகைக்காரின்னு சொன்னா, இருக்கது யாருன்னு கேப்பான். அவ பேரை எழுதிட்டுப் போயிருவான். அதுக்குத்தான அவ காத்துக்கிட்டு இருக்கா?”

அவர்கள் சந்தைத் தாண்டிப் போனார்கள். ஏணியின் பாதியில் ஜான்சி இன்னும் நின்றிருந்தாள், சரியாகச் சொன்னேனா அத்தை என்று கேட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அக்கா முழுக் கதையையும் கட்டி முடித்துவிட்டாள். ஜான்சிக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே அத்தை வீடு என்று சொல்லி மாடி நம்பரைக் கெடுத்துவிட்டாள்.

“நீங்கதானக்கா அப்படிச் சொல்லச் சொன்னீங்க!”

“நான் சொன்னேன். அவளுக்கு எங்க போச்சு புத்தி? எம் மொகத்தை எதுக்குப் பாத்தா? கள்ளம் இல்லன்னா எதுக்குப் பாக்கணும்?”

மறுவாரமே ஜான்சியைக் காலி பண்ணச் சொன்னாள். காசு விஷயத்தில் அக்கா சுத்தம். டிபாசிட்டை அப்படியே கொடுத்தாள். சாவியை நீட்டியபடி ஜான்சி, “போயிட்டு வாறேன் அத்தை” என்றாள்.

“இனிமே என்னத்துக்கு அத்தை?”

ஜான்சியின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்குத் தேவ்நாரில் ஒரு ரூம் பிடித்துக் கொடுத்தேன், கமிஷன் வாங்கவில்லை. இங்கே அக்கா மாடிக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, புதுப் பெயிண்ட் அடித்த சுவரைக் கை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னத்தைத் தேடினாள் என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ.

தப்பாக எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளலாம், இந்த மாதக் கடைசிக்குள் வந்து சொல்லுங்கள் என்று பிறகு அறிவிப்பு வந்தது. நான் கணக்கெடுப்பு ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். மாடியில் இருந்தவரே நேரில் வந்து, நான் வாடகைக்கு இருந்தேன், தனி அடுப்பு, வீடு இன்னாருடையது என்று சொன்னால் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அக்ரிமெண்ட் இருந்தால் அதைக் காட்டியே முடித்திருக்கலாம். இல்லாததால் ஜான்சியின் வாய்ச்சொல் ஒன்றுதான் பாக்கி.

தேவ்நாருக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்று யோசித்து நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஜான்சி, “வாறேன் அண்ணாச்சி. உள்ளதைச் சொல்லதுக்கு என்ன?” என்றாள்.

“கோவம் இல்லியாம்மா?”

“கோவம் இல்லாம இருக்குமா? என்னைக் கள்ளி மாதிரில்லா பாத்தாங்க. ஆனா மாலதிக்கா என்ன பண்ணுவா? அவ வீட்டுக்கு ஒருக்கா போயிருக்கேன். ரெண்டு பேரும் உக்கார எடமில்லாம நின்னுக்கிட்டே டீ குடிச்சோம்.”

புரோக்கர் புத்தி, எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது, இவளுக்கு இதில் என்ன ஆதாயம் என்று. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. வேலைக்கு லீவு போடுவது அவளுக்கு நஷ்டம்தான்.

அக்காவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. “நான் வெளிய தள்ளுனவ, கூப்பிடாமலே வாறேங்கா. சும்மா வருவாளாக்கும்? அங்க போயி நின்னதும் நான்தான் இருந்தேன், எம் பேருக்கு எழுதுங்கன்னு சொல்லுவா. பூதத்தான்கிட்டயும் அவன் இப்படித்தான் நைச்சியமா பேசுனான்.”

நான் தினமும் போனேன், தினமும் இதே பதில். மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது மாலதிக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன். கோவண்டியிலிருந்து ரயில் மாறி வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

“அம்மா, நாளைக்குத்தான் லாஸ்ட். ஜான்சி லீவு போட்டுட்டா. நீ வந்து பக்கத்துல நின்னா போதும்.”

“அவ என்னத்துக்கு லீவு போடணும்?”

“நல்லவம்மா அவ. நீ எல்லாரையும் ஒரே மாதிரி பாக்காத.”

“நல்லவன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீட்டுக்கு வந்திருக்காளே. போன்ல பேசுவோம்.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மகளை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. மாடிக்கு ஆள் கூட்டிப்போனால் வாசலில் நிறுத்திவைத்து ஏற இறங்கப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“எப்பத்துலேருந்து?”

“என்னது எப்பத்துலேருந்து?”

“அவளும் நீயும். எனக்குத் தெரியாம போறதும் வாறதும் பேசுறதும். மாடியை எழுதி வாங்கிட்டு, ரெண்டு பேருமாச் சேந்து என்னைய எங்க கொண்டு தள்ளலாம்னு இருக்கீங்க?”

“அக்கா, ஒங்க வயித்துல பொறந்த பிள்ளைக்கா அது” என்று கத்திவிட்டேன். என் சத்தத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

மாலதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சந்து திரும்பும் வரைக்கும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“பாத்தியா தம்பி? கேட்டதுக்கு ஒரு பதில் சொன்னாளா? மொகத்தைக் காட்டாம போறா பாரு. நான் நெனச்சது சரிதான்.”