ஆட்டுக்குட்டியின் காதில் எரிந்த வெயில்

ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்ததால்தான் எனக்கு அது கிடைத்தது.

தாராவியில் எங்கள் சர்ச்சுக்குக் கிழக்கே பார்த்த வாசல். அந்த ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வந்த மூன்று பெண்கள், ஜெபம் முடியட்டும் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் காலை வெயில். முகம் மூன்றும் கறுப்பு, யார் யார் என்றே தெரியவில்லை. முக்காடு போட்ட சேலைத் தலைப்பு மட்டும் பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒருத்திக்கு முக்காடு நழுவி, காது மடல் ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. வெயில் அவர்களைச் சுற்றி ஒழுங்காகக் கோடு இழுக்கவில்லை. தோளில் கொஞ்சம் உள்ளே புகுந்து, தோளையே தின்றிருந்தது. பை தொங்கிய பக்கம் வெளிச்சமே இல்லை.

“ஏட்டி, அங்க என்னத்தப் பாக்க? கண்ண மூடு” என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

மூடினேன். உள்ளே என் ஷாட் ஓட ஆரம்பித்துவிட்டது.

செம்பூரில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். ஒரு வருஷமாக ரோட்டோ. அதாவது, படத்தில் அசையும் ஆளின் விளிம்பை ஒவ்வொரு ஃப்ரேமிலும் கையால் வரைந்து வெட்டிக் கொடுப்பது. நான் கேட்டது அதற்கு அடுத்த நாற்காலி, காம்பாசிட்டிங். ஆள், பின்னணி, நிழல், புகை என்று தனித்தனியாக வருவதையெல்லாம் அடுக்கி, வெளிச்சம் சேர்த்து ஒரே படமாக்கும் வேலை. கேட்டுக் கேட்டு நச்சரித்ததில் ஒரே ஒரு ஷாட் கொடுத்தார்கள். மேட்டில் ஒரு சிறுமி, அவள் தோளில் ஆட்டுக்குட்டி, இரண்டு பேருக்கும் பின்னால் இறங்குகிற சூரியன். செவ்வாய்க்கிழமை காட்ட வேண்டும். பாஸானால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் திரும்ப ரோட்டோ, இன்னொரு தடவை கேட்கக் கூடாது. இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமையே அவசரப்பட்டு ஒரு தடவை காட்டிவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். எல்லோரிடமும் இந்தியில் பேசுவார், கிண்டலுக்கு மட்டும் தமிழை எடுப்பார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, ஆட்டுக்குட்டிக்குக் காதுகுத்தா? பேனர் அடிச்சு வச்சிருக்கே?”

சுருக்கென்றது. ஏனென்றால் உண்மை. காலேஜ் படிக்கும்போது இரண்டு வருஷம் தாராவி மெயின் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்தேன். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். தலையை வெட்டு, சுற்றிலும் ஒரே தடிமனில் வெள்ளைக் கோடு போடு, முகத்தை வெளுப்பாக்கு. பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அதே கோடு, அதே வெளுப்பு. முகம் கொஞ்சம் கறுத்துப்போனால் பேனரைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கடை வாசலில் நின்று சண்டை பிடிப்பார்கள். அந்தப் பயம் கையில் ஏறிவிட்டது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சிறுமியையும் குட்டியையும் சுற்றி அதே வெள்ளைக் கோடு இழுத்து, அவள் முகத்துக்கு டியூப்லைட் போட்டிருக்கிறேன். அதை வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் மூன்று கறுத்த முகங்களைப் பார்த்தபோது தெரிந்தது.

திங்கள் காலை முதல் ஆளாக ஸ்டுடியோவுக்குப் போய் வெள்ளைக் கோட்டை மொத்தமாக அழித்தேன். பின்னணி வானத்தை ஒரு பிரதி எடுத்து நன்றாக மங்கலாக்கி, அதைச் சிறுமியின் விளிம்புக்குள் நாலைந்து பிக்சல் மட்டும் கசிய விட்டேன். தோள் கரைய ஆரம்பித்தது. விளிம்பில் விழும் வெளிச்சத்தின் நிறத்தை வானத்திலிருந்தே எடுத்தேன், முற்றிய மாம்பழ மஞ்சள். ஆட்டுக்குட்டியின் உடம்பு சூரியனை மறைக்கிற இடத்தில், சிறுமியின் கழுத்துப் பக்கம், வெளிச்சத்தைத் துடைத்தேன். அப்புறம் முகம். வெளுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனேன். கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் தெரிகிற அளவுக்கு இறக்கிவிட்டு, மவுஸை விட்டுக் கையை எடுத்துக்கொண்டேன், எங்கே மறுபடி ஏற்றிவிடுவேனோ என்று.

மிச்சம் இருந்தது காது. குட்டி நடுவில் ஒரு தடவை காதை உதறும். வெயில் ஊடுருவுவது அந்த மெல்லிய தோலில் மட்டும்தான். அதைத் தனியாக வெட்டினால்தான் சிவப்பை ஏற்ற முடியும். எண்பது ஃப்ரேம். ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டே செய்த அதே ரோட்டோ வேலை. கை சலிக்காமல் ஓடியது. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரன் நம்பாமல் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை ரிவ்யூ அறையில் விளக்கை அணைத்தார்கள். ஷாட் ஒரு முறை ஓடியது. சூப்பர்வைசர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரும்ப ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை நிறுத்தி, கழுத்தைக் காட்டி, இங்கே மட்டும் வெளிச்சத்தைக் காணோமே, மறந்துவிட்டாயா என்று இந்தியில் கேட்டார். எழுந்துபோய்த் திரையிலேயே விரலை வைத்தேன். சூரியன் இங்கே, குட்டியின் உடம்பு குறுக்கே, அப்புறம் கழுத்துக்கு வெயில் எந்த வழியாக வரும் சார் என்றேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். காது உதறுகிற இடத்துக்கு அவராகவே தள்ளிப் போனார். சிவந்தது, அணைந்தது, சிவந்தது. ஃப்ரேம் ஃப்ரேமாக முன்னும் பின்னும் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தார்.

பிறகு தமிழில் சொன்னார், இந்தத் தடவை கிண்டல் இல்லை. “சரி. நாளையிலேருந்து ஜன்னல் பக்க சீட்ல உட்காரு.”

நாற்காலி! வெளியே வந்து, செம்பூர் ஸ்டேஷன் வரை நடந்தேனா ஓடினேனா ஞாபகமில்லை. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். எந்த நாற்காலி, ஏன், இத்தனை நாள் நின்றுகொண்டா வேலை பார்த்தாய் என்று கேட்டாள். விளக்கினேன். அன்றைக்குக் கிள்ளியதற்குத்தான் பலன் என்று முடித்துக்கொண்டாள்.

மறுநாள் புது சீட்டில் உட்கார்ந்ததும் மிச்சமிருந்த ஷாட்டுகளின் பட்டியலை நீட்டி, எது வேண்டும் என்றார்கள். சுலபமான இரண்டு கண்ணில் பட்டன. நான் யாரும் தொடாத ஒன்றைக் கேட்டு வாங்கினேன்: கொட்டும் மழையில் மீன் சந்தை, பின்னால் ஒரே ஒரு லாரியின் ஹெட்லைட். நூறு குடை, ஈரத் தார்ப்பாய், மீன் செதில், ஒவ்வொரு துளிக்கும் தனி விளிம்பு. எப்படிச் செய்யப்போகிறேன் என்று இன்னும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்திருக்கிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் குர்லாவில் இறங்கி, மீன் சந்தையில் லாரி நிற்கிற பக்கமாகப் போய், குடையை மடக்கிவிட்டு நின்று பார்க்கப் போகிறேன்.